கிம்பர்லியின் பெரும்பள்ளத்தை எந்த வழியால் சென்று பார்ப்பது

தென்னாபிரிக்காவின் வடகேப் மாகாணத் தலைநகரான கிம்பர்லிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், கேட்பவர் எவரும் முதலில் அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான் விசாரிப்பார். 1871 முதல் 1914 வரை வைரத்துக்காகத் தோண்டப்பட்ட சுரங்கத்தின் வாய், ஏறத்தாழ 17 ஹெக்டேயர் பரப்பிலும் 463 மீற்றர் அகலத்திலும், ஊரின் நடுவே இன்றும் திறந்தபடி கிடக்கிறது. திருகோணமலைக்கு வருபவர்களுக்கு ஊர் காட்டுவதே என் தொழில் என்பதால், வேறோர் ஊருக்குப் போகும்போது அந்த ஊரார் தம்மிடம் உள்ளவற்றை எந்த ஒழுங்கில், எந்தச் சொற்களில் காட்டுகிறார்கள் என்பதிலேயே என் கவனம் போகும். கிம்பர்லியைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பள்ளத்தை முதலாவதாகப் பார்க்கக் கூடாது, அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவும் கூடாது.

அக்கா குடும்பம் ஜோகன்னஸ்பேர்க்கில் இருக்கிறது. அங்கிருந்து தென்மேற்கே நெடுஞ்சாலையில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் கிம்பர்லி வரும். புறப்படும்போதே அத்தான் சொன்னார்: "தம்பி, அங்கே போகிறவர்களில் பலர் பள்ளத்தை எட்டிப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். நீர் அப்படிச் செய்யாதேயும், இரண்டு இரவு தங்கிப் பார்ப்போம்." அவர் சொன்னது சரியான யோசனை. இந்தப் பதிவை வாசித்துவிட்டு அங்கே போக எண்ணுகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன்.

வைரம் என்றதும் நம்மவர்களுக்குக் கோல்கொண்டாவும் கிருஷ்ணா ஆற்றங்கரையும் நினைவுக்கு வருவது இயல்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகச் சந்தைக்கு வந்த வைரங்களில் மிகப் பெரும்பாலானவை இந்திய மண்ணிலிருந்தே போயின. தென்னாபிரிக்காவின் கதை அதற்கு வெகு பின்னர், 1867-இல், ஹோப்டவுன் அருகே ஒரேஞ்சு ஆற்றோரத்தில் எராஸ்மஸ் ஜேக்கப்ஸ் என்ற சிறுவன் எடுத்த பளபளப்பான கல்லிலிருந்து தொடங்குகிறது. 21.25 கரட் எடையுள்ள அந்தக் கல்லுக்கு யுரேகா என்று பெயர் வந்தது. இரண்டு ஆண்டுகளில், 1869-இல், அதே வட்டாரத்தில் 83.5 கரட் எடையுள்ள இன்னொரு கல் கிடைத்ததும் நாலாபுறத்திலிருந்தும் சனம் திரண்டது. 1871 ஜூலையில் டி பியர் சகோதரர்களின் பண்ணையில் இருந்த கோல்ஸ்பேர்க் கொப்பி என்னும் சிறு குன்றில் வைரம் அகப்பட்டது. இன்று நாம் குனிந்து பார்க்கும் பள்ளம் அன்று நிமிர்ந்து பார்க்க வேண்டிய குன்றாக இருந்தது என்பதை அங்கே நிற்கும்போது மறக்கக் கூடாது. குடியேற்றங்களுக்குப் பொறுப்பாக இருந்த பிரித்தானிய அமைச்சர் கிம்பர்லி பிரபுவின் பெயர் 1873-இல் ஊருக்குச் சூட்டப்பட்டது. பண்ணைக்காரரின் பெயரோ பின்னாளில் உலக வைர வணிகத்தை ஆண்ட கம்பனியின் பெயராகியது. அந்தச் சகோதரர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போனவர்கள். கம்பனியில் அவர்களுக்குப் பங்கு இருக்கவில்லை.

இந்த வரலாற்றுக்கு முன்பே அந்த நிலத்தில் மனிதர் வாழ்ந்தார்கள். ஆகவே ஊருக்குள் நுழைவதற்கு முன்னரே, பார்க்லி வெஸ்ட் செல்லும் வீதியில் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வில்டபீஸ்ட் கய்ல் பாறைச் செதுக்கு மையத்துக்குப் போக வேண்டும் என்பேன். அது பெரிய மலையன்று; வெட்டவெளியில் சற்றே உயர்ந்து நிற்கும் கருங்கற் திடல். கற்களின் கரிய மேற்பரப்பைக் கொத்தி, காட்டு விலங்குகளின் உருவங்களை, தென் ஆபிரிக்கப் பகுதியின் பழங்குடியினரான சான் மக்களின் முன்னோர் அங்கே செதுக்கியுள்ளனர். வெயில் உச்சியில் நிற்கும்போது பல உருவங்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. காலையிலோ மாலையிலோ ஒளி சரிந்து விழும் வேளையில், வெறும் கல் என்று எண்ணிய இடத்தில் ஒரு விலங்கின் முதுகும் கழுத்தும் மெல்ல எழுந்து வருவதைக் காணலாம். அந்த நிலம் இன்று குங், க்வே என்னும் இரு சமூகங்களுக்கு உரியது. அவர்களோ இந்தச் செதுக்குகளைச் செய்தவர்களின் நேர் வழித்தோன்றல்கள் அல்லர்; அங்கோலா, நமீபியாப் போர்களில் சிக்குண்டு, 1990-ஆம் ஆண்டளவில் இடம்பெயர்த்துக் கொண்டுவரப்பட்டுப் பல ஆண்டுகள் கூடாரங்களில் வாழ்ந்தவர்கள். இடம்பெயர்வும் முகாம் வாழ்வும் என்னவென்று நம் மாவட்டத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அங்கே வழிகாட்டியின் விளக்கத்தைக் கேட்டபோது என் மனதில் பட்ட நெருக்கம் அதனால் ஏற்பட்டது.

அதன் பின்னர் பள்ளத்துக்குப் போகலாம். பார்வையாளர் மையத்தினூடாகச் சென்றால், பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும் இரும்பு மேடைக்கு வருவோம். ஏறத்தாழ 175 மீற்றர் கீழே பச்சையும் நீலமும் கலந்த நீர் தெரிகிறது. மனிதர் பிக்காசும் மண்வெட்டியும் கொண்டு தோண்டிய ஆழம் 240 மீற்றர். பின்னர் இடிபாடுகளும் நீரும் சேர்ந்து அடியை நிரப்பிவிட்டன. திறந்த வெளியில் தோண்ட முடியாத நிலை வந்தபோது சுரங்கப் பாதைகள் அமைத்து 1,097 மீற்றர் ஆழம்வரை போனார்கள். 1914 ஓகஸ்ட் மாதத்தில் வேலை நிறுத்தப்பட்டபோது 2 கோடியே 25 இலட்சம் தொன் மண்ணும் பாறையும் வெளியே எடுக்கப்பட்டு, அவற்றிலிருந்து 2,720 கிலோகிராம் வைரம் கிடைத்திருந்தது. ஒரு தொன் பாறைக்குச் சராசரியாக 0.12 கிராம், அதாவது அரைக் கரட்டைவிடச் சற்றே கூடுதலான வைரம் என்று கணக்கு வருகிறது. மேடையில் நிற்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

மனிதர் கையால் தோண்டிய உலகின் மிகப் பெரிய பள்ளம் இதுவே என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆனால் அயல் மாகாணத்திலுள்ள யாகர்ஸ்பொன்டைன் சுரங்கத்தில் கையால் தோண்டிய பரப்பு 19.65 ஹெக்டேயர் என்று பின்னர் அளந்து காட்டப்பட்டது. ஆழத்தில் கிம்பர்லிக்கே முதலிடம். எந்த ஊருக்கும் 'மிகப் பெரியது' என்ற பட்டம் தேவைப்படுகிறது. நானும் நம் துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போது அத்தகைய சொற்களைப் பயன்படுத்துபவன்தான் என்றாலும், கிம்பர்லியின் பள்ளத்துக்கு அந்தப் பட்டம் இல்லாமலே போதிய கனம் இருக்கிறது.

அங்குள்ள பழைய புகைப்படங்களின் முன் நான் அதிக நேரம் நின்றேன். தொடக்கத்தில் நிலம் பக்கத்துக்கு ஏறத்தாழ 31 அடி கொண்ட சதுரத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஒன்றோ இரண்டோ கொடுக்கப்பட்டது. இடையிடையே மண்ணை வெளியே கொண்டு போக வண்டிப் பாதைகள் விடப்பட்டிருந்தன. ஒருவர் வேகமாகவும் அடுத்தவர் மெதுவாகவும் தோண்ட, துண்டுகள் வெவ்வேறு ஆழங்களில் படிக்கட்டுகள் போலாகின. நடுவிலிருந்த பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து விழுந்து ஆட்களையும் மாடுகளையும் புதைத்தன. பாதைகள் அற்றுப்போனதும் விளிம்பைச் சுற்றி மரத்தாலான அடுக்குப் பரண்களைக் கட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கம்பி வடம் இழுத்து, அதில் வாளிகளை ஓட்டினார்கள். ஒரு புகைப்படத்தில் ஆயிரக்கணக்கான கம்பிகள் பள்ளத்தின் மேல் சிலந்தி வலையாக விரிந்து கிடக்கின்றன; அந்தக் கம்பிகளின் அடியில் புள்ளிகளாகத் தெரிபவை எல்லாம் மனிதத் தலைகள். ஆழம் கூடக்கூட நீரிறைப்பதற்கும் சரிவை அகற்றுவதற்கும் தனியாளிடம் பணம் போதவில்லை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துண்டுகளின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பும் 1876-இல் நீக்கப்பட்டது. அதன்பின் கம்பனிகள் தனியாட்களை விழுங்கின; பெரிய கம்பனி சிறிய கம்பனிகளை விழுங்கியது. சுரங்க முதலாளிகளான சிசில் ரோட்ஸும் பார்னி பார்னாட்டோவும் போட்டியிட்டு, இறுதியில் 1888-இல் டி பியர்ஸ் ஒருங்கிணைந்த சுரங்கக் கம்பனி உருவானது. பார்னாட்டோவின் பக்கம் இருந்த கிம்பர்லி சென்றல் கம்பனியின் சொத்துகளை வாங்குவதற்கு 1889-இல் எழுதப்பட்ட காசோலையின் தொகை 53 இலட்சத்து 38 ஆயிரத்து 650 பவுண்.

மையத்தினுள் செயற்கைச் சுரங்கப் பாதை ஒன்றில் வெடிவைக்கும் ஓசையைக் கேட்கச் செய்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடித்தது கிறீஸ் மேசை. நிலத்துக்கடியில் 150 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் உருவான வைரத்தை எரிமலைக் குழாய் வழியாக மேலே கொண்டுவந்த பாறைக்கு, இந்த ஊரின் பெயராலேயே கிம்பர்லைற் என்று பெயர். மேற்பகுதியில் உக்கி மஞ்சள் மண்ணாக இருக்கும் அது, கீழே போகப்போக நீலச் சாம்பல் நிறக் கல்லாக மாறும். மஞ்சள் மண் முடிந்தவுடன் வைரமும் முடிந்துவிட்டது என்று அஞ்சித் துண்டுகளை விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. நீலக் கல்லையோ பரந்த வெளிகளில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு உக்க வைத்து, நொறுக்கி, கழுவி எடுத்தார்கள். அப்படிக் கழுவிய சரளைக் கல்லை, கிறீஸ் பூசிய சரிவான மேசையின் மேல் நீரோடு ஓடவிட்டால், மற்றக் கற்கள் நீரில் நனைந்து வழுக்கிப் போய்விடும். நீர் ஒட்டாத இயல்புள்ள வைரம் மட்டும் கிறீஸில் பதிந்து நின்றுவிடும். 1890-களின் பிற்பகுதியில் டி பியர்ஸ் ஊழியர் பிரெட் கிர்ஸ்டன் இதைக் கண்டுபிடித்தார். எங்கள் மாவட்டத்தில் புல்மோட்டைக் கடற்கரை மணலிலிருந்து இல்மனைற்றையும் உருத்தைலையும் காந்தத்தாலும் மின்னாலும் பிரித்தெடுப்பதைப் பற்றிப் பள்ளிக் காலத்தில் படித்தவர்கள், தாதுக்களின் ஒவ்வொரு குணத்தையும் பயன்படுத்தி அவற்றைப் பிரிக்கும் இந்தச் சாமர்த்தியத்தை உடனே புரிந்துகொள்வார்கள். கிம்பர்லைற் பாறையைத் தேடுவோர் மணலில் பின்தொடரும் அடையாளத் தாதுக்களிலும் மக்னீசியம் மிகுந்த ஒரு வகை இல்மனைற் உண்டு. அது புல்மோட்டை இல்மனைற் அன்று. யாரும் மண்வெட்டியோடு கிளம்ப வேண்டாம்.

இரும்புக் கதவுக்குப் பின்னாலுள்ள வைர அறையில் யுரேகா இருக்கிறது. பட்டை தீட்டப்பட்டு 10.73 கரட்டாகக் குறைந்து, பல கைகள் மாறி, 1967-இல் தென்னாபிரிக்காவுக்குத் திரும்பி வந்த கல் அது. அதனருகே '616' என்றே பெயர்பெற்ற, 616 கரட் எடையுள்ள மஞ்சள் நிறக் கல்லும் உண்டு; 1974-இல் டுட்டொய்ட்ஸ்பான் சுரங்கத்தில் கிடைத்து, இன்றுவரை பட்டை தீட்டப்படாமல் எண்முக வடிவத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. வெளியே பழைய ஊர்த் தெருவொன்றை அமைத்து, தகரக் கூரைக் கடைகள், மதுச்சாலை, தேவாலயம் ஆகியவற்றை அங்கே வைத்துள்ளார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தத் தெருவில் நடக்கும்போது, பள்ளத்தைத் தோண்டிய பெரும்பாலான கைகளுக்கு உரியவர்கள் எங்கே தங்கினார்கள் என்ற கேள்வி எழ வேண்டும். அந்தத் தெருவில் அதற்கு விடை இல்லை.

விடைக்கு வேறிடம் போக வேண்டும். 1885 முதல் கறுப்பினத் தொழிலாளர்கள் மூடிய வளாகங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர்கள் வெளியே போக முடியாது. உணவும் உடையும் உள்ளே உள்ள கடையில்தான் வாங்க வேண்டும். வைரத்தை மதிலுக்கு மேலால் எறிந்துவிடாமல் முற்றத்தின் மேல் கம்பி வலை போர்த்தப்பட்டிருந்தது. ஆடை களைந்து சோதிக்கும் முறையை வெள்ளைத் தொழிலாளர்களுக்கும் விதிக்க முயன்றபோது அவர்கள் 1883-இலும் 1884-இலும் வேலைநிறுத்தம் செய்து அதிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். கறுப்பினத்தவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. பிற்காலத்தில் தென்னாபிரிக்கா முழுவதும் சுரங்கத் தொழிலாளரை அடைத்துவைத்த விடுதி முறைக்கு இங்கேதான் அச்சு வார்க்கப்பட்டது.

அயர்லாந்தில் பிறந்து 1897-இல் கிம்பர்லிக்கு வந்து, இத்தகைய வளாகமொன்றில் காவலராக வேலை செய்த அல்பிரெட் டக்கன்-குரோனின் என்பவர், 1904-இல் ஒரு கமெரா வாங்கி அங்கிருந்தவர்களைப் படமெடுக்கத் தொடங்கினார். பின்னர் அவர்களின் ஊர்களுக்கே பயணம் செய்து ஆயிரக்கணக்கான படங்களை எடுத்தார். அவர் பெயரிலுள்ள காட்சிக்கூடத்தில் அவை வைக்கப்பட்டுள்ளன. தொழிலாளியாகச் சட்டை அணிந்து வந்தவரைப் பழங்கால உடையில் நிறுத்திப் படமெடுத்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது உண்டு, அது நியாயமானதே. ஆனாலும் பார்வையாளர் மையத்தின் புகைப்படத்தில் புள்ளிகளாகத் தெரிந்த தலைகளுக்கு முகம் கிடைப்பது இங்கேதான். ஒரு படத்தில் ஓர் இளைஞர் கமெராவைப் பார்க்காமல், அதை இயக்குபவரின் தோளுக்கு அப்பால் எதையோ பார்க்கிறார்; அவர் விரல்கள் இருக்கையின் ஓரத்தை இறுகப் பற்றியிருக்கின்றன. அந்தப் படத்தின் முன் அக்காவும் நானும் நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

ஏஞ்சல் தெரு 32-ஆம் இலக்க வீட்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். சொல் பிளாட்ஜி என்னும் சொலமன் பிளாட்ஜி தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்த வீடு அது. 1894-இல் கிம்பர்லி அஞ்சலகத்தில் தந்தி கொண்டு செல்லும் வேலையில் சேர்ந்த அவர், பல மொழிகளைத் தாமே கற்று, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகி, செற்ஸ்வானா மொழியில் பத்திரிகை நடத்தினார். பின்னாளில் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அமைப்பு 1912-இல் தொடங்கப்பட்டபோது அதன் முதற் பொதுச் செயலாளர் அவரே. ஷேக்ஸ்பியரைத் தம் மொழியில் பெயர்த்தவர். கறுப்பினத்தவர் நிலம் வாங்குவதைத் தடுத்த 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து ஊரூராகச் சென்று எழுதியவர். தாய்மொழியில் அச்சுக்கோத்துப் பத்திரிகை நடத்துவதென்றால் என்ன பாடு என்பதை நம் நாட்டில் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வீட்டு வாசலைச் சாதாரணமாகக் கடந்துவிட மாட்டார்கள். நகர மண்டபத் தொகுதியருகே, மேசை முன் அமர்ந்து எழுதும் நிலையில் அவருக்குச் சிலையும் உண்டு. அவருடைய அச்சகம் இருந்த இடமும் அதன் அண்மையிலேயே. அந்தப் பகுதி முன்னர் மலே காம்ப் என்று அழைக்கப்பட்டு, மலாயரும் கலப்பினத்தவரும் இந்தியரும் கூடி வாழ்ந்த நெருக்கமான குடியிருப்பாக இருந்தது. மக்கள் அகற்றப்பட்டு வீடுகள் இடிக்கப்பட்ட பின்னர் அங்கே பூங்கா வந்தது. பூங்காவின் நடுவே, ஐந்து சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு பெரிய அரிதட்டைத் தலைக்கு மேல் தூக்கி நிற்க, அதிலிருந்து நீர் வழியும் சிற்பம் இருக்கிறது. சிற்பம் நன்றாகவே இருக்கிறது. இடிக்கப்பட்ட குடியிருப்பைப் பற்றிய பலகை இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம்.

பிரித்தானியருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போயர் போர்க் காலச் சின்னங்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு அங்கே ஒரு முழு நாள் வேலை உண்டு. 1899 ஒக்டோபர் 14 முதல் 1900 பெப்ரவரி 15 வரை, 124 நாள்கள் ஊர் போயர்களால் முற்றுகையிடப்பட்டிருந்தது. டி பியர்ஸ் தொழிற்சாலையிலேயே வார்க்கப்பட்ட 'லோங் சிசில்' என்னும் பீரங்கி, ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த நினைவுச்சின்னத்தின் அடித்தளத்தில் நிற்கிறது. அதை உருவாக்கிய பொறியியலாளர் ஜோர்ஜ் லாப்ரம் முற்றுகை முடிவதற்குச் சில நாள்களே இருக்கும்போது குண்டுக்கு இரையானார். திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டையின் பீரங்கிகளை நாள்தோறும் பார்ப்பவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அவற்றில் பெரிதாக மனம் போகவில்லை. ரோட்ஸ் முற்றுகையின்போது தங்கியிருந்த கட்டடம் இப்போது மக்கிரெகர் அருங்காட்சியகம். அங்கே வைக்கப்பட்டுள்ள விளக்கங்களில், முற்றுகையின்போது பசியாலும் நோயாலும் அதிகம் மாண்டவர்கள் கறுப்பின மக்களே என்பதை வாசித்தறியலாம்.

ஊரின் வடக்கே, ஜோகன்னஸ்பேர்க் செல்லும் புகையிரதப் பாதையோரமாக உள்ள காம்பர்ஸ் நீர்த்தேக்கத்தில், நீர்மட்டம் நன்றாக இருக்கும் காலத்தில், சிறு பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும். அவை முட்டையிடுவதற்காக 2006-இல் ஆங்கில 'எஸ்' எழுத்து வடிவில் செயற்கைத் தீவு கட்டிக் கொடுத்தார்கள். அவையும் அதை ஏற்றுக்கொண்டன. 2019 சனவரியில் நீர் வற்றித் தாய்ப்பறவைகள் கூட்டைவிட்டு அகன்றபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார்கள். மன்னாரில் பூநாரைகளைக் கண்டவர்களும் இதைப் பார்க்காமல் வர வேண்டாம். மன்னாருக்கு வருபவை பெரிய இனம், இவை வேறு.

திரும்பி வந்ததிலிருந்து நம் ஊரைக் காட்டும் ஒழுங்கை நானும் மாற்றியிருக்கிறேன். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால் நுழையும்போதே, பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு இந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்; முன்பு மேலே ஏறி, கடலைப் பார்த்த பின்னரே சொல்வேன். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிப் பேசும்போது, அவற்றைக் கட்டிய தொழிலாளர்கள் யார், எங்கிருந்து கொண்டுவரப்பட்டார்கள், எங்கே தங்க வைக்கப்பட்டார்கள் என்பதை முதியவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கியுள்ளேன். உங்கள் வீட்டில் அங்கே வேலை செய்தவர்கள் இருந்தால், அவர்கள் சொன்னவற்றை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் சில குறிப்புகள். ஜூன், ஜூலை மாதங்களில் பகல் இதமாக இருக்கும், இரவில் உறைபனி விழும்; திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் தடித்த கம்பளிச் சட்டை இல்லாமல் போகக் கூடாது. டிசெம்பர், சனவரியில் வெயில் கடுமையானது, மாலையில் இடியுடன் மழை வரும். பிளாட்ஜியின் வீடும் டக்கன்-குரோனின் காட்சிக்கூடமும் சிறிய இடங்கள் என்பதால், திறந்திருக்கும் நேரத்தை முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பாறைச் செதுக்குகளுக்குக் காலையிலும், பள்ளத்துக்கு அன்று பிற்பகலிலும், மற்ற இடங்களுக்கு மறுநாளும் போனால் அவசரமின்றிப் பார்க்கலாம்.